போர்க்காலத்தில் பாலே உடைகளுக்குத் துணி எங்கிருந்து வந்தது?

பட்டுநூல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பரதநாட்டிய உடை தைப்பவள், இருபது வருஷமாக இதே தொழில். பாலே பற்றி எனக்கு அதிகம் தெரியாது. போன வாரம் ஒரு கருப்பு வெள்ளைப் படம் கண்ணில் பட்டது. 1946-ல் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் மார்கோ ஃபான்டெய்ன் ஆடிய ‘தி ஸ்லீப்பிங் பியூட்டி’. இடுப்பிலிருந்து தட்டு மாதிரி விரிந்து நிற்கும் அந்தப் பாவாடை, டூட்டூ என்கிறார்களே, அது, பின்னால் நிற்கும் ஐம்பது பேருக்கும் ஜரிகையும் இறகும் வெல்வெட்டும். தேதியைப் பார்த்ததும் தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே, அங்கே துணிக்கு ரேஷன் இருந்த காலமல்லவா, இவ்வளவு துணி எங்கிருந்து கிடைத்தது?

தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். பாராசூட் பட்டை வெட்டித் தைத்தார்கள் என்று சட்டென்று சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டு வழுக்கிக்கொண்டு விழுமே தவிர அப்படி விறைத்து நிற்காது, எத்தனை கஞ்சி போட்டாலும் சரி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர் நடந்தபோது எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

மேடைப்பூனை:

உங்கள் சந்தேகம் சரிதான் அக்கா. டூட்டூவில் விறைத்து நிற்கும் பகுதி அப்போது பட்டே இல்லை. டார்லட்டன் என்று ஒரு துணி, அகல நெசவுப் பருத்தி மஸ்லினுக்கு முரட்டுக் கஞ்சி போட்டது, அதையும் பருத்தி வலைத்துணியையும் அடுக்கடுக்காக வைத்துத் தைப்பார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் நைலான் வலை எல்லாம் போருக்குப் பின் வந்தது. மேல்சட்டைக்குத்தான் பட்டு, சாட்டின், வெல்வெட். டார்லட்டனில் ஒரு கஷ்டம், வியர்வை பட்டால் கஞ்சி இளகித் தொங்கிவிடும், துவைத்தால் போயே போச்சு.

பாராசூட் கதைக்கு வருகிறேன். போர் நடந்தபோது பாராசூட் துணி ராணுவச் சொத்து, கையில் வைத்திருந்தாலே குற்றம். ஜப்பான் பக்கமிருந்து பட்டு வரத்து நின்றதும் பாராசூட்டுகளே நைலானுக்கு மாறிவிட்டன. போர் முடிகிற சமயத்தில்தான் மிச்சத்துணியைக் கூப்பன் இல்லாமல் பொதுமக்களுக்கு விற்றார்கள், கல்யாண கவுன், உள்ளாடை எல்லாம் அதில் தைத்தது உண்மை. அந்தக் கதை பாலேக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைக்கிறேன். பட்டின் மேல் அரசாங்கத்துக்கு எவ்வளவு கண் இருந்தது என்றால், 1940 டிசம்பரிலேயே பட்டு ஸ்டாக்கிங் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

துணி ரேஷன் 1941 ஜூன் 1-ல் தொடங்கியது. ஆளுக்கு முதல் வருஷம் 66 கூப்பன். கம்பளி உடுப்பு ஒன்று வாங்கினால் 11 போய்விடும், பெண்களுக்கான செருப்பு ஜோடிக்கு 5. வருஷம் போகப் போக கூப்பன் குறைந்துகொண்டே வந்தது, போர் முடிந்ததும் நிலைமை சரியாகவில்லை, இன்னும் மோசமானது. ரேஷனை முழுக்க எடுத்தது 1949 மார்ச்சில். ஆக நீங்கள் பார்த்த படம் தட்டுப்பாடு முடிந்த காலத்துப் படமல்ல, அது நட்டநடுவில் எடுத்தது.

அந்த பாலேயின் உடையையும் செட்டையும் வடிவமைத்த ஆலிவர் மெசெல் எப்படிச் சமாளித்தார் என்பதுதான் சுவாரசியம். அந்த ஆள் போரில் உருமறைப்பு அதிகாரி. எந்திரத் துப்பாக்கி வைக்கும் கான்கிரீட் கூண்டுகளை வைக்கோல்போர் மாதிரியும் இடிந்த கோட்டை மாதிரியும் மாற்றிக் காட்டுவதுதான் வேலை. ஒன்றுமில்லாததை வைத்து ஏதோ இருப்பதாகக் காட்டுகிற கை. புகைக்குழாய் துடைக்கும் பஞ்சுக்கம்பியை வளைத்துக் கிரீடம் செய்வார். ஐந்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் அது வெள்ளிக்கம்பி வேலை. கோயில் நகை செட்டு செய்கிற உங்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

பட்டுநூல்:

தெரியாமலா! ஆரஞ்சுப் பழத்தோல் கலர் சீக்வினை ஒட்டி ‘ஆன்டிக்’ என்று விற்கிற ஊரில்தானே இருக்கிறேன். டார்லட்டன் பற்றிச் சொன்னதற்கு நன்றி, இப்போதுதான் மனசு ஆறியது. ஆனால் பழைய உடைகள் இருக்குமே? போருக்கு முன்னால் தைத்ததை ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கலாம் அல்லவா?

பழையகணக்கு:

ஓட்டியிருக்கலாம்தான், ஆனால் அவர்கள் பாதியைத் தொலைத்துவிட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த இழை முழுசாகாது.

1940 மே மாதம். லண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே குழு (இன்றைய ராயல் பாலேதான்) ஹாலந்துக்குக் கிளம்பியது. பிரிட்டிஷ் கவுன்சில் ஏற்பாடு, நட்பு நாட்டுக்கு ஒரு கலைத்தூது என்ற கணக்கு. ஹாலந்து அப்போது நடுநிலை நாடு. குழுவின் தலைவி நினெட் டி வல்வா, நடனம் அமைப்பவர் ஃப்ரெடெரிக் ஆஷ்டன், இசை நடத்துபவர் கான்ஸ்டன்ட் லாம்பர்ட், ஆடுபவர்களில் ராபர்ட் ஹெல்ப்மன், அப்புறம் இருபது வயது முடிந்து இருபத்தொன்றுக்கு இன்னும் சில நாள் பாக்கியிருந்த ஃபான்டெய்ன். ஹேக் நகரில் தங்கிக்கொண்டு தினம் ஓர் ஊருக்குப் போய் ஆடிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்புவது ஏற்பாடு. மே 9 ராத்திரி ஆர்ன்ஹெமில் ஆடினார்கள். ஆர்ன்ஹெம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்து வீடு. ஆடி முடித்து ஹேக் வந்து சேர்ந்து படுத்த கொஞ்ச நேரத்தில், 10-ஆம் தேதி விடியலில், ஜெர்மன் படை உள்ளே வந்துவிட்டது. வானத்திலிருந்து பாராசூட் வீரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டுநூல் அக்கா, பாலேக்கும் பாராசூட்டுக்கும் உள்ள உண்மையான சம்பந்தம் இதுதான் போலிருக்கிறது.

ஆட்களை எப்படியோ ஐமெய்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வைக்கோல் பரப்பிய அடித்தளத்தில் படுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சாமான்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. ஆறு பாலேக்களின் செட், உடை, இசைக்கட்டு (இசையை எழுதிவைத்த தாள்கள்), அனைத்தும்: ‘செக்மேட்’, ‘டான்டே சொனாட்டா’, ‘ஃபசாட்’, ‘ஹாரஸ்கோப்’, ‘லெ பாட்டினர்’, ‘தி ரேக்ஸ் ப்ராக்ரஸ்’. சும்மா ஓரத்தில் கிடந்த நாடகங்கள் இல்லை, குழுவின் கல்லாப்பெட்டியே இவைதான்.

திரும்பி வந்து எட்டே வாரத்தில், 1940 ஜூலை 4-ல், ஒரு புது பாலேயை மேடையேற்றினார் டி வல்வா. அதே மாதம் ‘ஃபசாட்’டையும் புது உடையோடு கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்மணியின் நெஞ்சழுத்தம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. செப்டம்பரில் லண்டன் மேல் குண்டு விழ ஆரம்பித்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் தியேட்டரை வீடிழந்தவர்கள் தங்க எடுத்துக்கொண்டார்கள், குழு லங்காஷயரில் பர்ன்லி என்ற மில் ஊரைத் தலைமையிடமாக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆடியது, அப்புறம் லண்டனில் நியூ தியேட்டரில் இடம் கிடைத்தது. கோவன்ட் கார்டன் என்ன ஆனது என்கிறீர்களா? போர் முழுக்க ஜோடி ஜோடியாக ஆடும் டான்ஸ் ஹால். சிப்பாய்கள் விடுமுறைக்கு வந்தால் அங்கேதான்.

கறார்கந்தன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் கதையை எல்லோரும் சோகமாகவே சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொலைந்தது நல்லதுக்குத்தான் என்பேன். பழைய செட்டும் உடையும் இருந்தால் பழையதையே ஆடிக்கொண்டிருப்பார்கள். துணி இல்லை, மரம் இல்லை, பெயின்ட் இல்லை, ஆண்கள் இல்லை (ஆஷ்டனே 1941-ல் விமானப்படைக்குப் போய்விட்டார்). இந்த இல்லாமையிலிருந்துதான் இங்கிலாந்து பாலேக்கு ஒரு சிக்கனமான அழகு வந்தது. ஆதாரம் வேண்டுமா, ஆஷ்டன் அமைத்த ‘சிம்ஃபனிக் வேரியேஷன்ஸ்’ பாருங்கள், 1946 ஏப்ரல். இளம்பச்சை கலந்த ஒரு பின்திரை, அதில் வளைந்து ஓடும் சில கோடுகள், ஆறே ஆறு பேர், வெள்ளை உடை. அவ்வளவுதான். வடிவமைத்தவர் சோஃபி ஃபெடரோவிச். ஹாலந்தில் தொலைந்த ‘ஹாரஸ்கோப்’, ‘டான்டே சொனாட்டா’ இரண்டுக்கும் உடை செய்த அதே அம்மாள். எல்லாம் போன பின் மிச்சமிருந்தது என்னவோ அதை வைத்துச் செய்தது.

பழையகணக்கு:

கந்தன் சார், உதாரணம் நல்ல உதாரணம், முடிவு தப்பு. ஃபெடரோவிச் போருக்கு முன்பே சிக்கனம்தான். வரைந்ததில் இன்னும் எதை எடுத்துவிடலாம் என்று பார்க்கிற ஆள். ‘டான்டே சொனாட்டா’வில் ஆடியவர்கள் வெறுங்காலோடு, கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடினார்கள், அது 1940 ஜனவரி, ஹாலந்து பயணத்துக்கு நான்கு மாதம் முன்னால், துணி ரேஷனுக்கு ஒன்றரை வருஷம் முன்னால். போலந்தை ஜெர்மனி விழுங்கியதைப் பார்த்த அதிர்ச்சியில் ஆஷ்டன் செய்தது. வெறுங்கால் ஒரு தேர்வு, ஷூ கிடைக்காததால் வந்ததல்ல. அதே 1946-ல் இரண்டு மாதம் முன்னால், அதே மேடையில்தான் மெசெல் இறகும் ஜரிகையுமாக அரண்மனை கட்டினார். தட்டுப்பாடு இருவருக்கும் ஒன்றுதான், ஒருவர் குறைத்தார், ஒருவர் ஏமாற்றினார். அப்படியிருக்க பாணியைத் தட்டுப்பாடு தந்தது என்று எப்படிச் சொல்வது?

தொலைந்தது நல்லதுக்கு என்று சொல்லும்போது ‘ஹாரஸ்கோப்’பை மறந்துவிட்டீர்கள். மற்ற ஐந்தும் ஏதோ ஒரு வடிவில் திரும்ப வந்தன. ‘ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ 1942-ல் வந்தது, ‘செக்மேட்’ 1947-ல் புது உடையோடு வந்தது. ‘ஹாரஸ்கோப்’ வரவே இல்லை. ஏனென்றால் உடையோடு சேர்ந்து லாம்பர்ட்டின் முழு இசைக்கட்டும் போய்விட்டது. கச்சேரிக்காக முன்பே தனியாகப் பிரித்து எழுதிய பகுதிகள் மட்டும் மிச்சம், இன்றைக்கும் அந்தத் துண்டுகளைத்தான் வாசிக்கிறார்கள். துணியை அளவு பார்த்துத் திரும்ப வெட்டலாம். ஒருவர் தலையிலிருந்து ஒரு தடவை இறங்கிய இசையை?

மேடைப்பூனை:

இதில் நம்மவர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஹாரஸ்கோப்’ என்றால் ஜாதகம்தானே, கதையும் அதுதான். பையனுக்குச் சூரியன் சிம்மத்தில், பெண்ணுக்குச் சூரியன் கன்னியில், அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துவராது. ஆனால் இருவருக்கும் சந்திரன் மிதுனத்தில், அதனால் கடைசியில் சேர்கிறார்கள். மேல்நாட்டார் சூரியனை வைத்து ராசி சொல்வதால் அவர்களுக்கு அது முரண்பாடு, நாடகம். நம் கணக்குப்படி இரண்டு பேரும் மிதுன ராசி, பாட்டியிடம் கொடுத்திருந்தால் முதல் காட்சியிலேயே நட்சத்திரம் கேட்டிருப்பார். ஃபான்டெய்னும் மைக்கேல் சோம்ஸும் ஆடியது. போய்விட்டதே என்று எனக்கும் வருத்தம்தான்.

கறார்கந்தன்:

சரி, இசை விஷயத்தில் தோற்றேன். மற்றதை ஒப்புக்கொள்ள இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

மூக்குக்கண்ணாடி:

துணியைப் பற்றியே பேசுகிறீர்கள், ஷூவை யாரும் தொடவில்லை. என் மகள் இங்கே லண்டனில் ஆறு வருஷமாக பாலே கற்கிறாள், அதனால் வீட்டில் பாயின்ட் ஷூவுக்கு (கால்விரல் நுனியில் நின்று ஆடப் போடுவது) அழுகிற அப்பா என்ற தகுதியில் சொல்கிறேன். அந்த ஷூ நுனியில் மரமோ இரும்போ கிடையாது. கோணி, துணி, காகிதம், இவற்றை மாவுப்பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டி, கையால் வடிவம் பிடித்து, அடுப்பில் காயவைத்து, மேலே சாட்டின் போர்த்துவார்கள். ஆடினால் வியர்வையில் பசை இளகும். முக்கிய நாயகி ஒரே ராத்திரியில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவார், சில சமயம் ஒன்றுக்கு மேலேயும். பசை, சாட்டின், தோல், கைவேலைக்காரர்கள் நாலும் கிடைக்காத காலத்தில் வாரத்துக்கு எட்டு ஒன்பது காட்சி என்றால் நினைத்துப் பாருங்கள். லண்டன்காரர்கள் அப்போது பாலேயை விழுந்து விழுந்து பார்த்தார்கள். ஆர்ட்ஸ் தியேட்டர் என்ற சின்ன அரங்கில் குண்டு விழும் நாட்களில் ராத்திரிக் காட்சி முடியாது என்பதால் மதியச் சாப்பாட்டு வேளையில் பாலே, சாயங்காலம் டீ வேளையில் பாலே என்று நடத்தினார்கள்.

நுனி தேயாமல் இருக்கத் தடித்த நூலால் இழை ஓட்டுவது, உள்ளே அரக்கைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டுத் திரும்ப விறைக்க வைப்பது, இதெல்லாம் அன்றைக்கும் உண்டு, என் மகளும் இன்றைக்குச் செய்கிறாள். (அரக்கு இந்தியாவிலிருந்துதான் போகிறது, அதைக் கடையில் பார்த்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) காலுறை இன்னொரு தலைவலி. இன்றைக்கு மாதிரி இழுபடும் நைலான் இல்லை, பட்டு இருந்தது, பட்டும் போனதும் பருத்தி. முட்டியில் பை மாதிரி தொங்கும். அதற்கு ஒரு வழி: இடுப்போரத்தில் ஒரு செப்புக்காசை வைத்து முறுக்கி நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். சின்ட்ரெல்லாவோ ராஜகுமாரியோ, இடுப்பில் காசு முடிச்சு.

பட்டுநூல்:

காசு முடிச்சு! எங்கள் ஆத்தா சுருக்குப்பையை மறந்த நாளில் முந்தானையில் முடிந்துகொள்வது மாதிரி. இதை என் தையல் பெண்களிடம் சொல்லியே ஆகவேண்டும். ஒரு கேள்வி: ‘ரேக்ஸ் ப்ராக்ரஸ்’ 1942-ல் திரும்ப வந்தது என்றீர்களே, தொலைந்த உடையைத் திரும்பத் தைக்க அளவு, மாதிரி எல்லாம் எப்படி? வரைந்தவர் உயிரோடு இருந்தாரா?

பழையகணக்கு:

இருந்தார், அப்போது. ரெக்ஸ் விஸ்லர். 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஹோகார்த்தின் படங்களை வைத்து எழுந்த பாலே அது, 1935-ல் அதற்கு செட்டும் உடையும் வரைந்தவர். போரில் வெல்ஷ் கார்ட்ஸ் படையில் சேர்ந்தார், சேர்ந்த பின்னும் வரைந்துகொண்டே இருந்தார். 1944 பிப்ரவரியில் இதே குழுவுக்கு ‘லெ ஸ்பெக்டர் டி லா ரோஸ்’ பாலேயை வடிவமைத்துக் கொடுத்தார். அதே வருஷம் ஜூலை 18, நார்மண்டியில் அவர் சண்டையில் இறங்கிய முதல் நாள், அன்றைக்கே இறந்தார். வயது 39.

வடகாற்று:

இங்கிலாந்தோடு நிறுத்திவிட்டீர்கள். ரஷ்யப் பக்கம் கதை வேறு மாதிரி. லெனின்கிராடின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) கிரோவ் தியேட்டரை 1941-ல் ஜெர்மன் முற்றுகைக்கு முன்னால் உரால் மலைப்பக்கம் பெர்ம் நகருக்கு (அப்போது பெயர் மாலட்டோவ்) மொத்தமாக அனுப்பிவிட்டார்கள், ஆட்டக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், எல்லோரையும். மாஸ்கோவின் பால்ஷாய் தியேட்டர் குய்பிஷெவுக்கு (இன்றைய சமாரா) போனது. பால்ஷாய் கட்டடத்தின் முகப்பில் வேறு வீடுகள் மாதிரி வரைந்து மறைத்துப் பார்த்தார்கள், அப்படியும் 1941 அக்டோபரில் ஒரு குண்டு விழுந்தது.

பெர்மில் சும்மா இருக்கவில்லை. 1942 டிசம்பர் 9-ல் இசையமைப்பாளர் கச்சதூரியனின் ‘கயானே’ பாலே அங்கேதான் முதல் அரங்கேற்றம். ‘சேபர் டான்ஸ்’ என்று சர்க்கஸ் முதல் விளம்பரம் வரை எல்லா இடத்திலும் படபடவென்று வாசிக்கிறார்களே, அது இந்த பாலேயில் வருவது, அகதியாக இருந்த ஊரில் பிறந்தது. கதை என்னவோ கூட்டுப்பண்ணையில் பருத்தி எடுக்கும் அர்மீனியர்கள். பருத்தித் துணிக்கே திண்டாடிய வருஷத்தில்! 1944-ல் கிரோவ் ஊர் திரும்பியது, ஆனால் பெர்முக்கு ருசி பிடித்துவிட்டது. 1945-ல் அங்கேயே ஒரு பாலே பள்ளி தொடங்கினார்கள், இன்றைக்கும் ரஷ்யாவின் பெரிய பள்ளிகளில் அதுவும் ஒன்று. தொடங்கியவர் எகடெரினா கெய்டன்ரைக், லெனின்கிராடிலிருந்து நாடுகடத்தப்பட்டு அந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்.

லெனின்கிராடில் தங்கிவிட்டவர்கள் பட்ட பாடு தனி. ஓல்கா யோர்டான் என்ற கிரோவ் நாயகி ஊரைவிட்டுப் போகாமல், இருந்தவர்களைச் சேர்த்து முற்றுகைக்குள்ளேயே ஆடினார். பார்ப்பவர்கள் மேல்கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்க, மேடையில் மெல்லிய உடை. டூட்டூவின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆடமுடியாதே.

மூக்குக்கண்ணாடி:

இப்போது நடக்கிற போரையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் உக்ரைனிலிருந்து தப்பி வந்த பாலே கலைஞர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள், யுனைடெட் உக்ரேனியன் பாலே என்று. வந்தவர்கள் கையில் ஷூ இருந்தால் அதிகம், உடையும் செட்டும் எங்கே? கீவ் நகரில் பெரிய பெயர் வாங்கிய ஆட்டக்காரர் ஆர்டெம் டாட்சிஷின் குண்டுவீச்சில் காயப்பட்டு அந்த மார்ச் மாதமே இறந்துபோயிருந்தார், அந்த நிலைமையில் யார் உடையை மூட்டை கட்டுவார்கள். நடனம் அமைப்பவர் அலெக்ஸி ரட்மன்ஸ்கி அவர்களுக்கு ‘ஜிசெல்’ என்ற பழைய பாலேயை அமைத்துக் கொடுத்தார், அந்தச் செப்டம்பரில் லண்டன் கொலிசியத்தில் நானும் மகளும் போய்ப் பார்த்தோம். இரண்டாம் பாதியில் வெள்ளை உடையில் ஆவிப்பெண்கள் வரிசையாக வரும்போது அரங்கத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. உடையும் செட்டும் பர்மிங்ஹாம் ராயல் பாலேயிடமிருந்து இரவல்.

பழையகணக்கு:

அந்தக் குழு தங்கியிருந்த ஊர் எது தெரியுமா? ஹேக். பழைய இசைக்கல்லூரிக் கட்டடத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். பர்மிங்ஹாம் ராயல் பாலே யார்? 1946-ல் டி வல்வா சாட்லர்ஸ் வெல்ஸில் தொடங்கிய இரண்டாவது குழுவின் வழிவந்தவர்கள். எந்த ஊரில் ஆறு பாலேயின் உடைகளை விட்டுவிட்டு ஓடிவந்தார்களோ, அதே ஊருக்கு 82 வருஷம் கழித்து அவர்கள் வீட்டிலிருந்தே ஒரு பாலேயின் உடை போயிருக்கிறது. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். எனக்கே இப்போது தட்டச்சு செய்யும்போதுதான் உறைத்தது.

பட்டுநூல்:

இரவல் உடை என்றதும் எனக்கு வேறு கவலை. ஒருத்திக்கு அளவெடுத்துத் தைத்ததை இன்னொருத்திக்குப் போடும்போது முதுகுக் கொக்கியை எல்லாம் நகர்த்தித் தைக்க வேண்டும், ஐம்பது அறுபது உடைக்கு அதை யாரோ உட்கார்ந்து செய்திருப்பார்கள். கண்ணாடி சார், உங்கள் மகளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: டூட்டூவின் முதுகில் கொக்கியை எத்தனை வரிசை வைக்கிறார்கள்? எங்களிடம் ஒரே உடை அக்கா தங்கை மூன்று பேருக்குப் போகும், அதனால் நான் மூன்று வரிசை வைப்பேன்.

மூக்குக்கண்ணாடி:

இப்போதுதான் கேட்டேன். அவளுடைய உடையில் இரண்டு வரிசையாம். மூன்றாவது வைத்திருந்தால் போன வருஷ உடையே இந்த வருஷமும் ஆகியிருக்கும், அப்பாவுக்குச் செலவு மிச்சம் என்கிறாள்.